பூவுக்கு முன் மரத்தைப் பாருங்கள்: சிங்கப்பூர்க் கடலோரக் காடுகளில் ஆர்க்கிட் தேடுவது பற்றி

உங்கள் மாமனார் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் என்றும், ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் ஆர்க்கிட் செடிகளைத் தேடி நடந்து பழகியவர் என்றும், இரண்டு வாரம் இங்கே தங்க வரும் அவருக்குக் கடலோரக் காட்டில் இயற்கையாக வளரும் ஆர்க்கிட்டைக் காட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். லாப்ரடாரிலும் சாங்கியிலும் நீங்கள் முன்கூட்டியே சுற்றிப் பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை. ஆகவே எங்கே போவது, எப்போது போவது, அவர் ஆசைப்பட்டால் ஒரு சிறு செடியை ஊருக்கு எடுத்துச் செல்ல முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

முதலில் நம்பிக்கையான செய்தி: நீங்கள் போன இரண்டு இடங்களிலும், பெரும்பாலும் உங்கள் தலைக்கு மேலேயே, ஆர்க்கிட் செடிகள் இருந்திருக்கும். தேக்கா கடைகளிலும் கல்யாண மேடைகளிலும் கோவில் அலங்காரங்களிலும் நாம் அன்றாடம் பார்க்கிற ஊதா நிற ஆர்க்கிட், கலப்பினமாக உருவாக்கப்பட்டுத் தோட்டத்தில் வளர்க்கப்படுவது. அதைப் பார்த்துப் பழகிய கண், காட்டிலும் அதே அளவிலும் அதே நிறத்திலும் ஒரு பூவைத் தேடுகிறது. இந்தக் கடற்கரையில் இயல்பாக வளரும் இனங்களில் பல வைக்கோல் நிறத்திலும் பச்சையிலும் மங்கிய பழுப்பிலும் பூப்பவை. வெள்ளையாகப் பளிச்சென்று பூப்பது ஒரே பகலில் வாடிவிடும். ஆண்டின் பெரும்பகுதியில் அவற்றில் பூவே இராது. எனவே இலையையும் தண்டையும் வேரையும் கொண்டு செடியை அடையாளம் காணக் கற்றுக்கொள்வதுதான் தேடலின் முக்கால் பங்கு. உங்கள் மாமாவுக்கு இது புதிதாக இராது. அவர் வருவதற்குள் உங்கள் கண் பழகிக்கொண்டால் போதும்.

எதிர்பார்ப்பையும் சற்றுச் சரிசெய்துகொள்ள வேண்டும். சிங்கப்பூருக்கு உரியவையாகப் பதிவான ஆர்க்கிட் இனங்கள் 220க்கும் மேற்பட்டவை. அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இத்தீவிலிருந்து மறைந்துவிட்டன. 19ஆம் நூற்றாண்டில் கம்பீர் என்னும் பணப்பயிருக்கும் மிளகுக்குமான தோட்டங்களுக்காக உட்காடுகள் அழிக்கப்பட்டன. பிறகு சதுப்புநிலக் காடுகளும் இயற்கையான கரையோரமும் நிலமீட்புக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் இடம் கொடுத்தன. ஒரு காலத்தில் தீவின் பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடாக இருந்ததாகக் கணிக்கப்படும் அலையாத்திக் காடு இன்று 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆர்க்கிட்டின் விதை தூசி அளவுதான். முளைப்பதற்கான உணவு அதற்குள் இராது. சரியான பூஞ்சை வகை குடியிருக்கும் பட்டையிலோ மண்ணிலோ போய் விழுந்தால்தான் அது முளைக்கும். அதனால் வெட்டிய காடு மீண்டும் பச்சைப் பசேலென்று எழுந்த பிறகும் ஆர்க்கிட் அதற்குள் திரும்பி வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். இரண்டு வாரத்தில் நான்கைந்து இனங்களைக் கண்டால் அது நல்ல அறுவடை.

கடலோரத்தில் ஒரு மரத்தில் ஆர்க்கிட் இருக்குமா இராதா என்பதைக் கிட்டே போகாமலே ஓரளவு சொல்லிவிடலாம். மரத்துக்கு வயது வேண்டும். பட்டை சொரசொரப்பாக, வெடிப்புகளோடு, ஈரத்தைப் பிடித்து வைப்பதாக இருக்க வேண்டும். கொய்யா மரத்தைப் போலப் பட்டையை உரித்துக்கொண்டே இருக்கும் மரங்களில் விதை ஊன்றுவதற்குள் பட்டை கீழே விழுந்துவிடும். அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம். கிடைமட்டமாக நீளும் தடித்த கிளைகளின் மேற்புறமும், கிளை பிரியும் கவைகளும் முதலில் பார்க்க வேண்டியவை. தெம்பூசு மரத்தின் ஆழமாக வரியோடிய பட்டை இதற்கு மிகப் பொருத்தமானது. நெய்தல் நிலத்துக்கே உரிய புன்னையும், புங்கையும், மலாய்க்காரர்கள் கெதாப்பாங் என்று அழைக்கும் நாட்டு வாதுமையும் இந்தக் கரைகளில் இயல்பாக வளர்பவை. அவற்றில் முதிர்ந்த மரங்களைக் கண்டால் நின்று பாருங்கள்.

ஆனால் என் கணிப்பில் புதியவருக்கு முதல் பாடம் நடத்தக் காட்டைவிடத் தூங்குமூஞ்சி மரமே சிறந்த இடம். தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து சாலையோரங்களில் நட்ட மரம் அது. இருந்தாலும் அதன் அகன்ற கிளைகளும் கரடான பட்டையும் நம் ஆர்க்கிட்டுகளுக்கு அப்படியே ஒத்துப்போய்விட்டன. சாங்கி முனையிலும் நகரின் பழைய சாலைகளிலும் நிற்கும் முதிர்ந்த தூங்குமூஞ்சி மரங்களின் அடியில் நின்று தொலைநோக்கியால் மேலே பாருங்கள். இலைத்தொகுதிக்குள் ஒரு தனித் தோட்டம் இருப்பது தெரியும். காடு என்றால் மனித நடமாட்டம் இல்லாத இடமாகத்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டவர்களுக்கு இந்த ஊரில் ஆர்க்கிட் சீக்கிரம் கிடைக்கும்.

அந்தத் தோட்டத்தில் கிளையைப் போர்த்தியது போலப் படர்ந்திருக்கும் பசுமையில் பெரும்பகுதி ஆர்க்கிட் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட்டமான, சதைப்பற்றுள்ள சிறு இலைகள் மெல்லிய கொடியில் வரிசையாக ஒட்டியிருந்தால் அது பைரோசியா என்னும் பெரணி. அதன் இலைகளிலேயே சில நீண்டு குறுகி, விளிம்பில் பழுப்பு நிற வித்துத்தூளைத் தாங்கியிருக்கும். அதே கிளையில், அதே நெருக்கத்தில் படர்வதுதான் பல்போபில்லம் வேஜினேட்டம் என்னும் ஆர்க்கிட். தொலைநோக்கியை நிதானமாக நிறுத்தி இலையின் அடியைப் பாருங்கள். ஆர்க்கிட் என்றால் ஊர்ந்து செல்லும் தண்டின் மேல், இடைவெளி விட்டு, சிறிய பச்சைக் குமிழ் ஒன்று இருக்கும்; ஒவ்வொரு குமிழின் உச்சியிலும் ஒரே ஒரு தடித்த இலை நிமிர்ந்து நிற்கும். குமிழ் இல்லையென்றால் பெரணி. இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பிடித்துக்கொண்டால், அதுவரை வெறும் பாசிபோலத் தெரிந்த கிளைகளில் செடிகள் தாமாகத் தெரியத் தொடங்கும். இந்த ஆர்க்கிட் பூக்கும்போது வெளிறிய மஞ்சள் பூக்கள் ஏறத்தாழப் பதினைந்து வரை ஒரு காம்பின் நுனியில் கூடி, ஒவ்வொன்றிலும் நூல்போன்ற நீண்ட புறவிதழ்கள் தொங்கும். ஒரு பகுதியிலுள்ள செடிகள் ஒருசேரப் பூத்துச் சில நாள்களில் முடித்துக்கொள்ளும். சாலையில் போகிறவர்கள் அதை உலர்ந்த பஞ்சுக் குப்பை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள்.

இனி, உங்கள் மாமா கட்டாயம் பார்க்க வேண்டிய செடிக்கு வருகிறேன். புறா ஆர்க்கிட் என்று பரவலாக அழைக்கப்படும் டெண்ட்ரோபியம் குருமெனாட்டம் கடலோர மரங்களிலும் அலையாத்திக் காட்டின் ஓரங்களிலும் தோட்டத்து மரங்களிலும் இன்றும் தாராளமாக உள்ளது. பூவில்லாதபோது அதைக் காண்பது எளிது. தண்டின் அடிப்பகுதி நீளவாக்கில் வரியோடிப் பருத்திருக்கும். நடுப்பகுதியில் இரு பக்கமும் இலைகள் மாறிமாறி அமைந்திருக்கும். அதற்கு மேல் தண்டு மெலிந்து, இலையே இல்லாமல், காய்ந்த குச்சியைப் போல நீண்டிருக்கும். செத்துவிட்டது என்று தோன்றும் அந்தக் குச்சியில்தான் பூ வரும். அதன் கணுக்களில், உலர்ந்த சிறு செதில்களுக்குள், மொட்டுகள் ஓரளவு வளர்ந்தபின் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும்.

அவை காத்திருப்பது குளிர்ச்சிக்கு. பெருமழை ஒன்று வந்து காற்றின் வெப்பம் திடீரென்று ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் இறங்கினால், அந்த வட்டாரத்திலுள்ள செடிகளின் மொட்டுகள் அனைத்தும் ஒரே சமயத்தில் விழித்துக்கொள்ளும். அன்றிலிருந்து 9ஆம் நாள் காலையில் பூக்கள் மலரும். மழைத்தண்ணீரைவிட வெப்பம் இறங்குவதுதான் தூண்டுகோல் என்பதால் சாதாரணத் தூறலுக்கு இது அசையாது. மலர்ந்த பூ விடிகாலையில் மணம் வீசும், மாலைக்குள் தொய்யும், மறுநாள் வாடித் தொங்கும். ஒரே பகலுக்குள் எல்லாச் செடிகளும் சேர்ந்து பூப்பதற்குக் காரணம் உண்டு: இந்த இனம் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, அயல்செடியின் மகரந்தம் வேண்டும். எல்லாரும் ஒரே நாளில் கடையைத் திறந்தால்தான் தேனீக்கள் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். நம் ஊரிலும் அடுக்குத்தேன் கட்டும் ஆசியத் தேனீதான் இங்கும் அந்த வேலையைச் செய்கிறது.

இந்தக் கணக்கு உங்களுக்குப் பெரிய வசதி. மாமா வருவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே பெருமழை நாள்களை நாள்காட்டியில் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றோடும் 9ஐக் கூட்டுங்கள். அவர் தங்கும் இரண்டு வாரத்தில் ஏதோ ஒரு நாள் அந்தக் கணக்கில் வந்து விழ நல்ல வாய்ப்பு உண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும்; தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றோடு வந்து இறங்கும் மழை வெப்பத்தைச் சட்டென்று குறைக்கும்; டிசம்பர், ஜனவரி அடைமழையும் அப்படியே. பிப்ரவரி மட்டும் பல ஆண்டுகளில் வறண்டுபோகிறது. அந்த மாதத்தில் வருவதாக இருந்தால் பூவைப் பற்றிய வாக்குறுதி எதையும் அவருக்குத் தராதீர்கள். கணக்குப்படி வரும் நாளில் காலை பத்து மணிக்குள் இடத்தில் இருங்கள். ஒரு மழை தீவின் கிழக்கில் கொட்டி மேற்கில் எட்டிப் பார்க்காமல் போவதும் உண்டு என்பதால், கிழக்கே சாங்கியில் பெய்ததை வைத்து, வடமேற்கிலுள்ள சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்குப் போகக் கூடாது.

மரத்தில் ஒட்டி வளரும் மற்ற தொற்றுச்செடிகளில் இரண்டைச் சொல்கிறேன். சிம்பிடியம் ஃபின்லேசோனியானம் கடலோரத்துக்கே பொருந்திய ஆள். விறைப்பான, தோல்போலத் தடித்த நீண்ட பட்டை இலைகள் ஒரு பெரிய கொத்தாகக் கிளைக்கவையிலோ பாறையிலோ நிற்கும். பூங்கொத்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்குக் கீழ்நோக்கித் தொங்கும். அக்ரியாப்சிஸ் லிலிஃபோலியா மிகச் சிறிய பூக்கள் கொண்டது. பச்சைக் குமிழ்கள் நெருங்கிய கொத்தும், அதைச் சுற்றி மேல்நோக்கி நிமிர்ந்த வெண்ணிற வேர்களும் அதன் அடையாளம். அந்த வேர்வலை உதிர்சருகைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எறும்புகள் அதற்குள் குடியேறும். வெயிலும் உப்புக்காற்றும் உலர்த்தும் கிளையில் இவை எப்படிப் பிழைக்கின்றன என்று மாமா கேட்கமாட்டார், அவருக்கே தெரிந்திருக்கும்; உங்களுக்காகச் சொல்கிறேன். வேரைச் சுற்றியுள்ள பஞ்சுபோன்ற உறை மழையின் முதல் நிமிடங்களிலேயே நீரை உறிஞ்சிக்கொள்கிறது, குமிழும் இலையும் அதைச் சேமிக்கின்றன, புறா ஆர்க்கிட் உள்ளிட்ட பல இனங்கள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் கரியமில வாயுவை உள்ளே எடுத்துக்கொள்கின்றன. உலர்ந்திருக்கும்போது வெள்ளையாகத் தெரியும் வேர் நனைந்ததும் பச்சையாகிவிடுவதை மழை முடிந்த உடனே போனால் நேரில் பார்க்கலாம்.

தரையில் வளர்பவற்றை மறந்துவிடாதீர்கள், கழுத்து வலிக்கும் வேளையில் அவை ஆறுதல். யூலோபியா கிராமினியா கடற்கரை மணலிலும் மீட்ட நிலத்துப் புல்வெளிகளிலும் வளரும். பாதி மண்ணுக்கு வெளியே தெரியும் பச்சைக் கிழங்கிலிருந்து இலை எதுவும் இல்லாமலே ஒரு நீண்ட பூந்தண்டு எழும். பூ பச்சையும் பழுப்பும் கலந்தது, உதடுபோல அமைந்த இதழ் மட்டும் வெண்மையும் இளஞ்சிவப்பும். புல்வெட்டும் ஊழியர்கள் வந்துபோன மறுநாள் அது இராது. (இதே செடி அமெரிக்காவின் புளோரிடாவில் புகுந்து, அங்கே களையாகப் பரவிக்கொண்டிருக்கிறது என்பது வேடிக்கையான முரண்.) புரோம்ஹெடியா ஃபின்லேசோனியானா சத்தற்ற, அமிலத்தன்மை கொண்ட மண்ணில் எழுந்த இளங்காட்டின் திறந்த ஓரங்களில், நாணலைப் போன்ற தண்டுகளோடு நிற்கும், அதன் வெள்ளைப் பூ காலையில் விரிந்து நண்பகல் கழிந்ததும் மூடிவிடும். ஊதாப் பூவோடு மடிப்பு மடிப்பான இலை கொண்ட ஸ்பாத்தோகுளாட்டிஸ் பூங்காக்களில் நிறைய நடப்பட்டிருப்பதால், அதைக் கண்டு காட்டுச்செடி என்று துள்ளிக் குதிக்க வேண்டாம்.

இடங்களைப் பொறுத்தவரை என் முதல் தேர்வு சாங்கிக்கு எதிரேயுள்ள சிறு தீவான புலாவ் உபின். அதற்குப் பிறகுதான் மற்றவை. அங்கே கடலோரக் காடு, அலையாத்தி, கைவிடப்பட்ட ரப்பர்த் தோட்டம், கம்போங் எனப்படும் கிராமக் குடியிருப்புகளின் காலத்துப் பழமரங்கள் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. பழைய தோப்பு மரங்களில் தொற்றுச்செடிகள் செழித்திருக்கும். சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், அக்கரை சேரச் சில நிமிடங்களே ஆகும். தீவில் இறங்கியதும் வாடகை வேன் பிடித்துச் செக் ஜாவா என்னும் கடலோர ஈரநிலத்துக்குப் போய்விடுவது வயதானவருக்கு நல்லது. அங்குள்ள பலகைப்பாதை அலையாத்திக்குள்ளும் கடலோரமாகவும் செல்கிறது. அதையொட்டிய ஜெஜாவி கோபுரம் ஏறத்தாழ 20 மீட்டர் உயரம். படியேற மாமாவுக்கு முடியுமானால் அதைத் தவறவிடாதீர்கள்: தரையிலிருந்து அண்ணாந்து பார்த்துக் கிடைக்காத கிளைகளின் மேற்புறத்தை அங்கிருந்து கண்மட்டத்திலோ கீழ்நோக்கியோ பார்க்கலாம், ஆர்க்கிட் தேடுவோருக்கு அதைவிட வேறென்ன வேண்டும். பாதைகள் பழுதுபார்ப்புக்காக மூடப்படுவது உண்டு. கிளம்புமுன் தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுங்கை பூலோவின் பலகைப்பாதையும் நடக்க எளிது, நிழலும் உண்டு. புறா ஆர்க்கிட் கணக்கு சரியாக விழும் நாளில் அதை வைத்துக்கொள்ளலாம். லாப்ரடாரின் பாறைச் சரிவு அழகானதுதான், ஆனால் பாதையிலிருந்து எட்டும் மரங்கள் குறைவு என்பதால் ஆர்க்கிட்டுக்காக மட்டும் அங்கே மறுபடி போகச் சொல்லமாட்டேன். செயின்ட் ஜான்ஸ் தீவு ஒரு நாள் உலாவாகப் போய்வர ஏற்றது.

காணும் செடி தானாக முளைத்ததா, நட்டதா என்று மாமா நிச்சயம் கேட்பார். தேசியப் பூங்காக் கழகம் 1995இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், அரிதாகிப்போன சொந்த இனங்களை விதையிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, சாலை மரங்களிலும் பூங்காக்களிலும் தீவுகளிலும் திரும்ப வைத்துவருகிறது. உலகின் மிகப் பெரிய ஆர்க்கிட்டான புலி ஆர்க்கிட் இப்படித் திரும்பி வந்த ஒன்று; காட்டில் முற்றாக மறைந்துபோன அது, 1861இல் நடப்பட்ட ஒரு செடியின் வடிவில் பூமலை எனப்படும் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் மட்டும் தொடர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தது. அதை மாமாவுக்குக் கட்டாயம் காட்டுங்கள். மரத்தில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, கயிற்றாலோ வலையாலோ கட்டிய தடத்தோடு, ஒரே அளவான செடிகள் வரிசையாக இருந்தால் அவை நட்டவை. உயரே, கிளையின் மேற்புறத்தில், பெரியதும் சிறியதுமாக ஒழுங்கின்றிப் பரவியிருப்பவை பெரும்பாலும் தாமாக வந்தவை. நட்டவற்றின் விதையிலிருந்து பக்கத்து மரத்தில் புதிதாக முளைத்தவையும் இருக்கலாம்; அவற்றைக் கண்டால் நட்டதைக் கண்டதைவிட நான் மகிழ்வேன்.

எச்சரிக்கைகள் சில. அலையாத்திப் பகுதியில் தில்லை மரம் உண்டு. சிதம்பரத்தின் தல மரமாக மாமா அதை அறிந்திருப்பார், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். கிளையை ஒடித்துப் பார்க்கும் ஆசிரியப் பழக்கத்தை இங்கே விட்டுவிடச் சொல்லுங்கள். அலையாத்திக் கிளைகளில் விரியன் பாம்பு அசையாமல் சுருண்டிருக்கும். ஆகவே கைப்பிடிச் சுவரில் கை வைக்குமுன் ஒரு பார்வை. சுங்கை பூலோ நீரில் முதலைகள் உண்டு, உபினில் காட்டுப்பன்றிகளும் குரங்குகளும் உண்டு. உணவுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். எட்டு மடங்கு பெருக்கும் தொலைநோக்கி ஒன்று, கொசுத் தைலம், தண்ணீர் ஆகியவை போதும். பாதையை விட்டு இறங்க வேண்டிய தேவையே இல்லை, அனுமதியும் இல்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன்: காட்டிலிருந்து ஒரு செடியையோ, கீழே விழுந்த கிளையில் ஒட்டியிருக்கும் துண்டையோகூட எடுக்க முடியாது. இயற்கை வனப்பகுதிகளில் செடியைச் சேதப்படுத்துவதற்கும் எடுப்பதற்கும் 50,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடும்போது புறா ஆர்க்கிட் போன்ற பரவலான செடிக்கு இடத்தைச் சொல்வதில் தவறில்லை. அரியதாகத் தோன்றும் எதற்கும் மரத்தின் இடத்தை எழுத வேண்டாம், படத்தில் பதிவாகும் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் பட்டியலில் இருப்பதால், நாற்றுப்பண்ணையில் வாங்கிய தொட்டிச் செடியாக இருந்தாலும் எல்லை தாண்டக் கடையின் ரசீது மட்டும் போதாது. சைட்டிஸ் அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும், இந்தியத் தரப்பின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். பட்டியலின் இரண்டாம் இணைப்பிலுள்ள இனங்களின் நாற்றுகள் கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவைக்குள் வளர்ந்தவையாக இருந்தால் அவற்றுக்குச் சைட்டிஸ் விலக்கு உண்டு. தாவர நலச் சான்றும் இந்திய அனுமதியும் அவற்றுக்கும் தேவை என்பதால், மாமா விமானம் ஏறும் வாரத்தில் அவசரமாக அலையாமல், அவர் கிளம்பி வருமுன்பே ஊரிலிருந்து விண்ணப்பித்து வைக்கச் சொல்லுங்கள்.